முன்னால் 20 மில்லிமீட்டர்: ஒரு ஹார்ட்டெயிலின் வரவு செலவு

முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள ஹார்ட்டெயில் சைக்கிளில் முன் ஃபோர்க்கை 20 மி.மீ. நீளமாக்கினால் ஃப்ரேம் அரை சைஸ் சின்னதாகிவிடும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. "அண்ணே, எனக்கு மீடியமா லார்ஜா?" என்று கேட்டால், கடைக்காரர் நம்மை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "உங்க உயரத்துக்கு மீடியம் சரியா இருக்கும் சார்" என்பார். ஃபோர்க்கைப் பற்றிக் கேட்டால், "நூறு எம்மெம் சார், லாக்அவுட்டோட வருது" என்பார். இரண்டு கேள்வி, இரண்டு பதில், பில் ஒன்று. அந்த இரண்டு பதிலும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்பது வண்டியை மண்பாதையில் இறக்கிய பிறகுதான் தெரியவரும்.

கணக்குப் போட ஒரு வண்டி வேண்டும். 29 அங்குலச் சக்கரம், 2.25 அங்குல டயர், 120 மி.மீ. பயணமுள்ள, அதாவது அவ்வளவு தூரம் அமுங்கக்கூடிய ஃபோர்க், பின்பக்கம் ஷாக் எதுவும் இல்லாத அலுமினிய ஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க் நுழையும் ஹெட் டியூப்பின் கோணம் 67 டிகிரி. பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு 1,150 மி.மீ. பெடல் சுழலும் பிபி, சக்கர அச்சுகளைவிட 60 மி.மீ. தாழ்வில் இருக்கிறது. ரீச், அதாவது பிபிக்கு நேர் மேலிருந்து ஹெட் டியூப் உச்சி வரை படுக்கைவாட்டில் உள்ள தூரம், 430 மி.மீ. அதே உச்சி பிபியிலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், அது 620. இன்றைக்கு விற்கும் மீடியம் ஹார்ட்டெயில்கள் பலவும் இந்த எண்களுக்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கும்.

இதில் 140 மி.மீ. ஃபோர்க்கை மாட்டுகிறோம். பின் அச்சு இருந்த இடத்திலேயே இருக்க, முன்பக்கம் மட்டும் தூக்கிக்கொள்கிறது. ஃபோர்க் சாய்ந்து நிற்பதால் 20 மி.மீ. நீளத்தில் 18.4 மி.மீ.தான் உயரமாகிறது. ஃப்ரேம் முழுவதும் பின்னோக்கி 0.9 டிகிரி சாய்கிறது. மற்றதெல்லாம் அந்தச் சாய்விலிருந்து தானாக வரும்:

ஹெட் கோணம்: 67.0 டிகிரி, மாற்றியபின் 66.1
ரீச்: 430 மி.மீ., மாற்றியபின் 420
ஸ்டாக்: 620 மி.மீ., மாற்றியபின் 627
சீட் கோணம்: 74.5 டிகிரி, மாற்றியபின் 73.6
பிபி தரையிலிருந்து: 308 மி.மீ., மாற்றியபின் 315
மேல்பார், படுக்கைவாட்டு அளவில்: 602 மி.மீ., மாற்றியபின் 605

கடைசி வரியில்தான் ஏமாற்று இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து கடைவாசலில் ஒரு சுற்று வந்தால் வித்தியாசமே தெரியாது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள தூரம் 3 மி.மீ. கூடத்தான் செய்திருக்கிறது. எழுந்து பெடலில் நின்றால் ஹேண்டில்பார் 10 மி.மீ. பக்கத்தில் வந்திருக்கும். மலைச் சைக்கிளில் கரடுமுரடான இடத்தையெல்லாம் நின்றுகொண்டுதான் கடக்கிறோம். ஒரு கம்பெனியின் மீடியத்துக்கும் லார்ஜுக்கும் இடையே ரீச் வித்தியாசம் பெரும்பாலும் 20 முதல் 25 மி.மீ. வரைதான். 10 போனால் அரை சைஸ் போச்சு. கூடவே சீட்டும் பின்னால் சாய்வதால், செங்குத்தான ஏற்றத்தில் உடம்பின் எடை பின் சக்கரத்துக்குப் போய் முன் சக்கரம் அலைபாயும்.

வரவே இல்லையா என்றால் உண்டு. ஹெட் கோணம் ஒரு டிகிரி சாய்ந்ததால் இறக்கத்தில் வண்டி நிதானமாக நிற்கும். பிபி 7 மி.மீ. உயர்ந்ததால் பெடல் கல்லில் இடிப்பது குறையும். தேவை 20 மி.மீ. கூடுதல் பயணம்தான் என்றால் அதற்கு இதெல்லாம் விலை. இறக்கத்தில் நிதானம்தான் தேவை என்றால், அதே 66 டிகிரியில் செய்த ஃப்ரேமை வாங்குவதே மலிவு.

இதுவரை சொன்னது வண்டி ஆளில்லாமல் நிற்கும்போதுள்ள கணக்கு. ஆள் ஏறியதும் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும். அதற்குப் பெயர் சாக். ஹார்ட்டெயிலில் மொத்தப் பயணத்தில் 15 முதல் 25 சதவீதம் வரை சாக் வைப்பார்கள். 120 மி.மீ. ஃபோர்க்குக்கு 20 சதவீதம் என்றால் 24 மி.மீ. முன்னும் பின்னும் ஷாக் உள்ள வண்டியில் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்குவதால் கோணங்கள் பெரிதாக மாறாது. ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும் இறங்கும். ஆள் ஏறிய கணத்தில் ஹெட் கோணம் 67 அல்ல, 68.1, ரீச் 430 அல்ல, 442. அட்டவணையில் 67 டிகிரி என்று போட்டிருக்கும் ஹார்ட்டெயிலும், 67 டிகிரி என்று போட்டிருக்கும் முழு சஸ்பென்ஷன் வண்டியும் ஓட்டும்போது ஒன்றாக இருக்காது. ஆள் ஏறிய நிலையில் கணக்கிட்ட எண்களையும் சேர்த்து அச்சிடும் சிறு கம்பெனிகள் சில உண்டு. பெரிய கம்பெனிகளும் அப்படிச் செய்தால் கடைகளில் பாதிப் பேச்சு மிச்சமாகும்.

ஃபோர்க் முழுக்க அமுங்கி முட்டும் கணத்தில் என்ன ஆகும்? 120 மி.மீ. முழுவதும் உள்ளே போனால் நம் வண்டியின் ஹெட் கோணம் 72.7 டிகிரிக்கு வந்துவிடும். 140 மி.மீ. ஃபோர்க் முழுவதும் அமுங்கினால்? அதே 72.7. 160? அதே 72.7. வியக்க ஒன்றுமில்லை. ஒரே வரிசையைச் சேர்ந்த ஃபோர்க்குகளில் பயணம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவே மொத்த நீளமும் கூடுகிறது. முழுக்க மடங்கினால் எல்லாம் ஒரே நீளம். ஆகவே நீளமான ஃபோர்க் வண்டியைக் கடைசிவரை சாய்வாக வைத்திருப்பதில்லை. அது செய்வது ஊசலாட்டத்தை அகலமாக்குவதை மட்டும்தான்: 120இல் 5.7 டிகிரி ஆட்டம், 140இல் 6.6, 160இல் ஏறக்குறைய 7.5. ஆட்டம் மிகப் பெரிதாவது செங்குத்து இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பாறைப் படியில் விழும்போது, அதாவது வண்டி நிலையாக நிற்க வேண்டிய அந்த இடத்தில்தான்.

பெடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 120 முழுவதும் அமுங்கும்போது பிபி 43 மி.மீ. கீழே வருகிறது. 308 என்று எழுதியிருந்தது 265 ஆகிறது. 175 மி.மீ. கிராங்கை அதில் கழித்தால் 90. பெடலின் பாதித் தடிமன் போக, தரைக்கும் பெடலுக்கும் நடுவே 80 மி.மீ. மிச்சம். ஒரு செங்கல்லைப் படுக்கவைத்தால் பெடல் தாண்டிவிடும். நிறுத்தி வைத்தால் தாண்டாது.

என் கணக்கில், ஹார்ட்டெயிலுக்குத் தோட்டச் சாலையும் மண்பாதையும் போதும் என்பவருக்கு 100 மி.மீ. பயணமே தாராளம். பாறையும் வேரும் கலந்த ஒற்றையடிப் பாதைக்கு 120 அல்லது 130. 140 வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த ஃப்ரேமில் மட்டும். கனடாவின் விஸ்லரில் இருந்து எஃகு ஹார்ட்டெயில் செய்யும் க்ரோமாக் போன்றவர்கள் இன்னும் நீளமான ஃபோர்க்கும் வைக்கிறார்கள். ஆனால் ஊசலாட்டத்தை முன்கூட்டிக் கணக்கிட்டு ஹெட் கோணத்தைத் தொடக்கத்திலேயே நன்றாகச் சாய்த்து வடிவமைக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் 100 மி.மீ. வண்டியில் 150 மாட்டுவது அவர்கள் கணக்கில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது.

அந்தப் பாதிக் கணக்கை ஃப்ரேமும் ஒருநாள் கேட்கும். ஐ.எஸ்.ஓ. 4210 தரச் சோதனையில் மலைச் சைக்கிள் ஃப்ரேமின் முன் முனையை 1,200 நியூட்டன் விசையால் முன்னோக்கியும் 600 நியூட்டனால் பின்னோக்கியும் மாற்றி மாற்றி 50,000 முறை இழுத்துத் தள்ளுகிறார்கள். ஃபோர்க் நீளமானால் அதே விசைக்கு நெம்பு நீளம் கூடும். 520 மி.மீ. சுமாராக இருக்கும் ஃபோர்க்கில் 20 என்பது 4 சதவீதம்; 50 என்றால் ஏறக்குறைய 10. அந்தச் சுமை முழுவதும் விழுவது ஹெட் டியூப் வெல்டிங்கில். கம்பெனி சொன்ன உச்ச அளவைத் தாண்டினால் வாரன்ட்டி பொதுவாகக் கிடைக்காது.

பழைய நினைவு ஒன்றையும் இங்கே வரவு வைக்கலாம். 1989இல் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் முதல் ஃபோர்க்கான ஆர்.எஸ்.-1இன் பயணம் சுமார் 50 மி.மீ. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் இறக்கப் பந்தயத்தை வென்றது ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடுதான். இன்று தெருமுனைக் கடையில் "வெறும் 80 எம்மெம்தானா?" என்று முகம் சுளிக்கிறோம்.

இனி ஃப்ரேம் அளவு. காலின் உள்நீளத்தைச் செ.மீ.இல் அளந்து 0.226ஆல் பெருக்கினால் அங்குலத்தில் ஃப்ரேம் அளவு வரும் என்று ஒரு பழைய வாய்பாடு உண்டு. 168 செ.மீ. உயரமும் 77 செ.மீ. உள்காலும் உள்ளவருக்கு 17.4 அங்குலம். இந்த வாய்பாடு மேல்பார் படுக்கையாக இருந்த காலத்துச் சரக்கு. அப்போது சீட் டியூப்பின் நீளம்தான் அளவு. அது கூடினால் மற்றதெல்லாம் கூடும். இப்போது மேல்பார் கீழே சரிந்து வருவதால் 17 அங்குலச் சீட் டியூப்பில் 400 மி.மீ. ரீச்சும் கிடைக்கும், 450உம் கிடைக்கும். ஆகவே 17 என்ற எண் நிற்கும் நிலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மீடியம் என்ற சொல்லும் அப்படித்தான்.

ரீச்சுக்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு: உயரத்தைச் செ.மீ.இல் எழுதி 2.5ஆல் பெருக்குங்கள். 168க்கு 420 வரும். இது சட்டமில்லை; இதற்கு மேலும் கீழும் 15 மி.மீ. வரை ஓட்டுபவர் விருப்பம். குறுகலான வளைவுகள் நிறைந்த பாதையில் ஓட்டுபவருக்குக் கீழே 10 சுகம். வேகமான இறக்கத்தில் ஓட்டுபவருக்கு மேலே 10 சுகம்.

ரீச்சை மட்டும் பார்த்து இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால் இன்னொரு ஏமாற்று. முதல் வண்டி ரீச் 430, ஸ்டாக் 620. இரண்டாவது ரீச் 440, ஸ்டாக் 640. வித்தியாசம் 10 மி.மீ.தான் என்று தோன்றும். முதல் வண்டியின் ஹேண்டில்பாரை இரண்டாவதன் உயரத்துக்குக் கொண்டுவர, அதைப் பிடிக்கும் ஸ்டெம்முக்கு அடியில் ஏறக்குறைய 22 மி.மீ.க்கு ஸ்பேஸர் வளையம் போட வேண்டும். ஃபோர்க்கின் உச்சியான ஸ்டீரர் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அந்த 22இல் ஹேண்டில்பார் 8.5 மி.மீ. பின்னால் வரும். ஆக முதல் வண்டியின் ரீச் உண்மையில் 421.5, வித்தியாசம் 18.5. ஒரு முழு சைஸுக்குப் பக்கம். அட்டவணையில் ரீச்சையும் ஸ்டாக்கையும் எப்போதும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சீட் டியூப் பேச்சு முழுவதும் செல்லாததாகிவிடவில்லை. அது வேறு கணக்குக்கு இடம் மாறிவிட்டது. உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் பிபியிலிருந்து சீட் உச்சி வரை உயரம் வரும். 77 செ.மீ.க்கு 680 மி.மீ. சீட்டும் அதைப் பிடிக்கும் கிளாம்பும் 50 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மிச்சம் 630. சீட் டியூப் 430 என்றால் வெளியே தெரியும் போஸ்ட் 200 மி.மீ. பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்கும் டிராப்பர் போஸ்ட் 150 மி.மீ. பயணத்தில் வேண்டுமானால் அதற்குத் தேவையான இடம் சுமார் 150 + 50. சரியாக உட்காரும். அதே ஆள் ரீச் ஆசையில் 480 மி.மீ. சீட் டியூப் உள்ள லார்ஜை எடுத்தால் மிச்சம் 150, 100 மி.மீ. டிராப்பரோடு திருப்திப்பட வேண்டியதுதான். இறக்கத்தில் சீட் 50 மி.மீ. உயரமாக நின்று வயிற்றில் குத்துவது, ஃபோர்க்கில் 20 மி.மீ. பயணம் குறைவதைவிட அதிகத் தொந்தரவு. இந்த வரியைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை.

சக்கர அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விளிம்பில் டயர் உட்காரும் விட்டம் 26 அங்குலத்துக்கு 559 மி.மீ., 27.5க்கு 584, 29க்கு 622. 27.5க்கும் 29க்கும் ஆரத்தில் 19 மி.மீ. வித்தியாசம். 27.5 சக்கர ஃப்ரேமில், பயணம் அதே 100தானே என்று 29 அங்குல ஃபோர்க்கை மாட்டினால் நாம் மேலே பார்த்த 20 மி.மீ. கணக்கு அப்படியே ஓடும். பழைய ஃபோர்க் விற்பனைக்கு வரும்போது "100 எம்மெம்" என்று மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். அச்சிலிருந்து, கால்கள் மேலே சேரும் கிரீடம் வரை நீளம் என்ன என்று கேளுங்கள். சிலர் டேப் வைத்து அளந்தே சொல்வார்கள்.

ஃபோர்க்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். மேல் கால்களின் விட்டம் முதல் எண். ஆரம்ப விலை ஃபோர்க்குகளில் 28 அல்லது 30 மி.மீ. ஃபாக்ஸ் கம்பெனியின் 32, 34, 36, 38 என்ற மாடல் பெயர்களே கால் விட்டம்தான். ராக்‌ஷாக்ஸில் பைக் (Pike) மாடலுக்கு 35, ஸெப் (Zeb) மாடலுக்கு 38. சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால் குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 28இலிருந்து 32க்குப் போனால் விறைப்பு 49 சதவீதம் கூடுகிறது. 32இலிருந்து 34க்கு 20 சதவீதம். 34இலிருந்து 36க்கு 19. முதல் படிதான் கையில் தெரியும் படி. 60 கிலோ ஆள் ஹார்ட்டெயிலில் 36க்கு ஆசைப்படுவது அவர் பணம்; நாம் எதற்குத் தடுப்பது?

அடுத்தது ஸ்பிரிங். நம்மூரில் 35,000 முதல் 50,000 ரூபாய் வரையுள்ள ஹார்ட்டெயில்களில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங் ஃபோர்க்தான், சன்டூர் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். வகை, எடை இரண்டரைக் கிலோவைச் சுற்றி. சுருள் கெட்டதல்ல. ஆனால் 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே சுருளைப் போட்டு அனுப்புகிறார்கள், சுமையில் 1.64 மடங்கு வித்தியாசம். மேலே உள்ள பிரீலோட் திருகைக் கடைசிவரை முறுக்கினாலும் சுருளின் விறைப்பு மாறாது. ஆள் ஏறும்போது எவ்வளவு இறங்கும் என்பது மட்டும் கொஞ்சம் மாறும். காற்று ஸ்பிரிங்கில் பம்பு ஒன்றிருந்தால் அவரவர் எடைக்கு அழுத்தம் வைத்துக்கொள்ளலாம். சுருளைவிடக் காற்று கொஞ்சம் இலகு என்பது இதற்குப் பிறகுதான்.

சாக் அளப்பதை ஒருமுறை கூடவே இருந்து பார்த்தால் காற்று ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று புரியும். ஹெல்மெட், ஷூ, முதுகில் தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஆள் ஏற வேண்டும். ஒருவர் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, ஏறியவர் பெடலில் நின்று கையைத் தளர்த்தி, ஃபோர்க்கை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு அசையாமல் நிற்பார். மேல் காலில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு, அவர் வண்டி குலுங்காமல் இறங்க வேண்டும். வளையம் இல்லாத ஃபோர்க்கில் ஒரு ஜிப் டையைக் கட்டிக்கொள்ளலாம். சீலிலிருந்து வளையம் வரை ஸ்கேல் வைத்தால் 24 வர வேண்டும். 12 வந்தால் அழுத்தம் கூடுதல். கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு மறுபடி ஏற வேண்டும். சுருள் ஃபோர்க்கில் 12 வந்தால், திருகைத் தளர்த்திப் பார்த்தும் மாறாவிட்டால், வேறு சுருள் தேட வேண்டியதுதான்.

அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பர் மூன்றாவது. ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் லாக்அவுட்டைக் கடைக்காரர் பெரிதாகச் சொல்வார்; தார்ச் சாலையில் பயன்படும், அவ்வளவே. கேட்க வேண்டியது ரீபவுண்ட் திருகு இருக்கிறதா என்பது. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக மேலே வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது. அது இல்லாத ஃபோர்க் வரிசையான வேர்களில் கையை உதறிக்கொண்டே வரும்.

இனி ரூபாய். கீழே வரும் தொகைகளெல்லாம் கணக்குக்காக வைத்துக்கொள்பவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. முதல் வண்டி 38,000: சுருள் ஃபோர்க், நேரான ஸ்டீரர், 9 மி.மீ. க்விக் ரிலீஸ் அச்சு. இரண்டாவது 60,000: காற்று ஃபோர்க், கீழே பருத்த ஸ்டீரர், 15 மி.மீ. அச்சு. வித்தியாசம் 22,000. "இப்போதைக்கு மலிவானதை வாங்கி, அடுத்த வருஷம் ஃபோர்க்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்ற யோசனை எல்லாருக்கும் வருவது.

அடுத்த வருஷத்துச் செலவு இது. நல்ல காற்று ஃபோர்க் 26,000. அது 15 × 110 மி.மீ. அச்சில் வந்தால் 9 × 100இல் இருக்கும் பழைய முன் சக்கரம் பொருந்தாது. புது முன் சக்கரம் 6,500. ஹெட் டியூப்பின் உள்விட்டம் 44 மி.மீ. இருந்தால் கீழே வெளிக்கிண்ணம் போட்டுப் பருத்த ஸ்டீரரை ஏற்றலாம், 2,000. 34 மி.மீ. மட்டுமே என்றால் பருத்த ஸ்டீரர் ஏறவே ஏறாது. நேரான ஸ்டீரரில் வரும் சில மாடல்களோடு தேடல் முடிந்தது. டிஸ்க் பிரேக் அடாப்டர் 500, ஷாக் பம்பு 1,800, ஸ்டீரர் அறுத்துப் பொருத்தும் கூலி 800. கூட்டினால் 37,600. பழைய ஃபோர்க்கை விற்றால் 1,500 வரலாம். நிகரச் செலவு 36,100. ஒரு வருஷம் தள்ளிப்போட்டதற்கு 14,100 ரூபாய் வட்டி.

ஃபோர்க் மாற்றுவதற்கென்று ஒரு வண்டியை வாங்காதீர்கள் என்பது என் பக்கத்து முடிவு. 60,000 இல்லை என்றால் 38,000 வண்டியை வாங்கி, ஃபோர்க்கைத் தொடாமல், 2.1 டயருக்குப் பதில் 2.4 டயரைப் போடுங்கள். நிறையப் பேர் 40 பி.எஸ்.ஐ. காற்றோடு மண்பாதையில் இறங்குகிறார்கள்; அகலமான டயரில் 25க்குப் பக்கமாக இறக்கினால் பின்பக்கத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் சஸ்பென்ஷன் கிடைக்கும். ஹார்ட்டெயிலின் பின்பக்கத்துக்கு வேறு வழியும் இல்லை.

ஃப்ரேம் அளவில் தவறினால் வட்டி இன்னும் மோசம். சரியான அளவுக்கும் தவறான அளவுக்கும் கடையில் ஒரே விலை. ஆறு மாதம் கழித்து 60,000 வண்டியை 60 சதவீதத்துக்கு விற்றால் கையிலிருந்து 24,000 போகும். 10 மி.மீ. பிசகை ஸ்டெம் மாற்றிச் சரிக்கட்டலாம். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில் முடியும். 25 மி.மீ. பிசகை எந்த ஸ்டெம்மாலும் சரிசெய்ய முடியாது.

வரிக்கணக்கில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரிக்கு முன் 50,000 ரூபாய் வண்டிக்கு 56,000 கொடுத்த இடத்தில் இப்போது 52,500. மிச்சமாகும் 3,500இல் ஷாக் பம்பும் ஒரு டயரும் வந்துவிடும். ஆனால் முழு வண்டியாக இறக்குமதியாகும் சைக்கிள்களுக்குச் சுங்க வரியும் உண்டு; 2023 பட்ஜெட்டில் அது 30இலிருந்து 35 சதவீதமானது. வெளிநாட்டு அட்டவணையில் உள்ள விலையை டாலரிலிருந்து மாற்றிவிட்டு இங்கே கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

எடைக்குக் கொடுக்கும் காசையும் ஒருமுறை அளந்து பார்ப்போம். சுருள் ஃபோர்க் 2.5 கிலோ, பந்தயத்துக்குரிய ராக்‌ஷாக்ஸ் சிட் சுமார் 1.5 கிலோ. ஒரு கிலோ வித்தியாசம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏற்றம் சுமார் 1,450 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, காலிலிருந்து சீராக 150 வாட் என்று வைத்து, காற்றையும் டயர் உராய்வையும் விட்டுவிட்டால், புவியீர்ப்பை மட்டும் வெல்ல 2 மணி 14 நிமிடம். ஒரு கிலோ குறைந்தால் 95 விநாடி மிச்சம். போட்டியில் நிற்பவருக்கு அது பெரிது. மற்றவர்களுக்கு வழியில் குடிக்கும் ஒரு டீயைவிடக் குறைவு.

கடைசிச் செலவு, பில்லில் வராதது. ராக்‌ஷாக்ஸ் சொல்வது 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற வேண்டும் என்று. வாரம் 5 மணி நேரம் ஓட்டுபவருக்கு வருஷத்துக்குச் சுமார் 250 மணி, ஐந்து முறை. ஒரு முறைக்கு 1,500 என்று வைத்தால் 7,500. மூன்று வருஷத்தில் 22,500, ஃபோர்க் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எண்ணெயும் நுரைவளையமும் வாங்கி வீட்டிலேயே செய்தால் அதில் கால்பங்கு ஆகும். இதில் சிக்கனம் பிடித்தால் சீலுக்குள் சேறு புகுந்து மேல் காலின் பூச்சு உரியும். உரிந்த பூச்சுக்கு வைத்தியம் கிடையாது. மேல் கால்களையே கிரீடத்தோடு மாற்ற வேண்டும். பழைய ஃபோர்க் வாங்குபவர் முதலில் விரல் நகத்தை வைத்துப் பார்க்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான்: சீலுக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம், காலின் பின்பக்கம். நகம் தட்டினால் பேரத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.